மனக்கவலையும் மாரடைப்பும்: கோலா கெத்தில் வட்டாரக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நம் வட்டாரத்தில் ஒருவர் மாரடைப்பில் இறந்துவிட்டால் துக்க வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "இனிப்புநீர் இருந்தது, ரத்தக் கொதிப்பு இருந்தது, சிகரெட்டையும் விடவில்லை" என்பார் ஒருவர். "எல்லாம் மனக்கவலைதான். வேலை போனதிலிருந்து மனுசன் சரியாகத் தூங்கவே இல்லை" என்பார் இன்னொருவர். முதலில் சொன்னது கிளினிக் அட்டையில் ஏறுகிறது. இரண்டாவது துக்க வீட்டோடு முடிந்துபோகிறது. அப்படி முடியக்கூடாது என்பதற்காகவே இந்தப் பட்டியல். தீராத கவலை உடலுக்குள் இறங்கி, நோய் எதிர்ப்பு அணுக்களைக் கிளப்பிவிட்டு, இதயக் குழாயைப் புண்ணாக்குகிறது. ஆகவே அதையும் ரத்தக் கொதிப்பைப் போலவே கேட்டறிந்து, கவனித்து, சிகிச்சை செய்ய வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

மலேசியாவில் 2020-இல் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 17 விழுக்காட்டுக்கு இதயக் குழாய் அடைப்பு நோயே காரணம். 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நம் மக்களுக்கு மாரடைப்பும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு அது ஏறக்குறைய 59. 2004-இல் வெளிவந்த அந்த ஆய்வு மாரடைப்புக்குக் கணக்கிட்ட ஒன்பது முக்கியக் காரணங்களில், புகை, கொழுப்பு, நீரிழிவு ஆகியவற்றோடு மனஅழுத்தமும் ஒன்று. வேலையிடத்து நெருக்கடி, வீட்டுப் பிரச்சினை, பணமுடை, மனச்சோர்வு எல்லாம் அதில் அடங்கும்.

கவலை எப்படி இதயத்தைத் தொடுகிறது? பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் பாய்ந்து ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் எளிதில் உறையும் பதத்துக்கு வரும். காயம் பட்டால் ரத்தப்போக்கை நிறுத்த உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆபத்து விலகியதும் அடங்கிவிட வேண்டும். கடன், வேலை, பிள்ளை, வீடு என்று கவலை மாதக்கணக்கில் நீண்டால் அது அடங்குவதில்லை. நரம்புகளின் வழியே எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. மஜ்ஜை, நோய் எதிர்ப்பு அணுக்களான வெள்ளை அணுக்களை அளவுக்கு மேல் உற்பத்தி செய்கிறது. அவை கிருமி இல்லாத இடத்திலும் போய் வேலை பார்க்கின்றன. இதயக் குழாயின் சுவரில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருந்தால் அங்கே புகுந்து அழற்சியை வளர்க்கின்றன. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்து, ரத்தம் உறைந்து, குழாய் அடைத்துக்கொள்கிறது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி அளவோடு இறங்கினால் பட்டை திரும்ப வளர்ந்துகொள்ளும். ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகத் தடித்துவிடும். இதயக் குழாயின் உட்சுவரும் சிறு காயத்தை ஆற்றிக்கொள்ளும். நாள் தவறாமல் புண்பட்டால் தடித்துப்போகும்.

கவலை இதயக் குழாயைப் புண்ணாக்குகிறது என்பது ஊகம் அல்ல. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 293 பேரின் மூளையைப் படமெடுத்துப் பின்தொடர்ந்தார்கள். அச்சத்தை உணரும் 'அமிக்டாலா' என்ற பகுதி எவருக்கு அதிகம் இயங்கியதோ, அவருக்கு எலும்பு மஜ்ஜையும் அதிகம் இயங்கியது, குழாய்ச் சுவரில் அழற்சியும் கூடுதலாக இருந்தது, இதய நோயும் முந்தி வந்தது. அதே ஆண்டில் வெளிவந்த 'கேன்டோஸ்' ஆய்வில் ஏற்கெனவே மாரடைப்பு கண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி மருந்து அவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வருவதைக் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் கிருமித் தொற்று சற்றுக் கூடியது. எதிர்ப்புச் சக்தி அளவு மீறினாலும் தீங்கு, அதை அடக்கிப்போட்டாலும் தீங்கு என்பதை இந்த ஒரு முடிவே சொல்லிவிடும்.

செய்ய வேண்டியவை

1. கவலையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்கில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கும் நாளிலேயே இதையும் சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் ஈடுபாடின்மை, காரணமில்லாத அழுகை, காலையில் எழவே மனமில்லாத நிலை என்று நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குப் பேச்சு சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு. மலாயில் சொல்ல வரவில்லை என்றால் பிள்ளையையோ தமிழ் பேசும் தாதியையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். "தலைவலி", "உடம்பு அசதி" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கித் திரும்பினால் உண்மையான நோய் அப்படியே இருக்கும்.

2. நாற்பது வயதானால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசின் உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதை எட்டிய கணவன் மனைவி இருவருக்கும் 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தத்தோடு மனநலக் கேள்விகளும் அதில் அடங்கும். அந்தக் கேள்விகளுக்கு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்குச் சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கள். அப்பா, அண்ணன், தங்கை யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் நாற்பது வரை காத்திருக்க வேண்டாம்.

3. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து பழகிய வீடுகள் இன்று சுங்கைப் பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளின் ஷிப்ட் வேலைக்கு மாறியிருக்கின்றன. உடல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வதும் அழற்சி தணிவதும் தூக்கத்தில்தான். பெரியவர்களுக்கு நாளுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. இரவு ஷிப்ட் முடித்து வந்தவரின் அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். அவர் பகலில் தூங்கினால் சோம்பேறி என்று பேசாதீர்கள். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் இதயத்தைக் கெடுக்கும்.

4. வேலைக்குப் பிறகும் கொஞ்சம் நடங்கள். "செம்பனைக் குலை தூக்குகிறேனே, அது உடற்பயிற்சி இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓய்வு கொடுக்காமல் உடலை முறிக்கும் வேலை இதயத்தைக் காப்பதாகப் பல ஆய்வுகள் காட்டவில்லை. மூச்சு சற்று வாங்கும் வேகத்தில், விருப்பத்தோடு, துணையோடு நடப்பதே காக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் போதும். மனச்சோர்வைக் குறைக்கவும் இதுவே செலவில்லாத வழி.

5. சளிக்காய்ச்சல் ஊசி பற்றிக் கேளுங்கள். 2018-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு ஆபத்து ஆறு மடங்கு கூடியது தெரிந்தது. உடல் கிருமியோடு போராடும்போது எழும் அழற்சி பழைய படிவுகளையும் சேர்த்துக் கிளறிவிடுகிறது. இதய நோய், நீரிழிவு, நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் இந்த ஊசி போட்டுக்கொள்வது நல்லது. காய்ச்சல் நேரத்தில் வழக்கமான மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

6. உடலின் மற்ற அழற்சிகளையும் கவனியுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் கிளினிக்குக்குப் போங்கள். புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கத்தை விடுங்கள். முடக்குவாதம், சொரியாசிஸ் போன்ற எதிர்ப்பு அணுக் கோளாறு உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மூட்டுக்குப் பார்க்கும் மருத்துவரிடமே "என் இதயத்தையும் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள்.

7. துக்கப்பட்டவரைத் தனியே விடாதீர்கள். இந்த ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் நிறுத்த வேண்டும். மாரடைப்பிலிருந்து பிழைத்த ஏறக்குறைய இரண்டாயிரம் பேரிடம் விசாரித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளிவந்தது. நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து வழக்கத்தைவிட 21 மடங்கு கூடுவதாகவும், முதல் வாரத்துக்குள் ஏறக்குறைய ஆறு மடங்காக இருப்பதாகவும் அது கண்டது. எல்லாருக்கும் அப்படி நேர்ந்துவிடாது. ஆனால் ஏற்கெனவே இதய நோயோ ரத்தக் கொதிப்போ உள்ள கணவனுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் அந்த ஒரு வாரம் உண்மையிலேயே ஆபத்தானது. நம் துக்க வீடுகளில் அழுகைக்கும் சடங்குக்கும் நடுவே அவர்களுடைய மாத்திரையை யாரும் நினைப்பதில்லை. மருமகளோ பேரனோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். தண்ணீரும் கஞ்சியும் இறங்குகிறதா என்று பாருங்கள். இரவில் சில மணி நேரமாவது படுக்கவையுங்கள். இடுகாட்டு வெயிலில் நீண்ட நேரம் நிற்கவிடாதீர்கள். பதினாறு முடிந்து உறவுகள் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் திரும்பிய பிறகு, தினம் ஒருவர் போன் செய்ய முறை வைத்துக்கொள்ளுங்கள்.

8. பேச ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். லயத்தில் வாழ்ந்த காலத்தில் திண்ணையில் உட்கார்ந்தாலே பேச ஆள் இருந்தது. தாமான் வீடுகளில் கதவு சாத்தியிருக்கிறது. கோயில் பஜனை, கூட்டுறவுச் சங்கம், பழைய பள்ளித் தோழர்கள் என்று ஏதாவது ஒரு கூட்டத்தில் தவறாமல் கலந்துகொள்ளுங்கள். தெரிந்தவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் சுகாதார அமைச்சின் 'ஹீல்' எண் 15555-ஐ அழைக்கலாம். பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

9. பணக் கவலைக்கு வழி தேடுங்கள். தவணை கட்ட முடியாமல் தூக்கம் கெட்டவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. வங்கிக் கடன்களை ஒழுங்குபடுத்த 'ஏகேபிகே' நிறுவனம் கட்டணமில்லாமல் ஆலோசனை தருகிறது. வேலை செய்ய முடியாத அளவுக்கு இதய நோய் வந்துவிட்டால், சொக்சோ சந்தா கட்டியவர் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஆலோங்கிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள்.

செய்யக்கூடாதவை

1. நெஞ்சு வலியைக் காற்று என்று தள்ளாதீர்கள். தைலம் தேய்த்துக்கொண்டும் சுடுநீர் குடித்துக்கொண்டும் விடியும் வரை காத்திருந்தவர்கள் நம்மில் பலர். நெஞ்சில் பாரம், இடது தோள், தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி தெரியாமல் மூச்சிரைப்பும் குமட்டலும் களைப்பும் மட்டுமே வரலாம். இருபுறமும் சுங்கைப் பட்டாணி, பாலிங் மருத்துவமனைகள் இருக்க, இந்த ஊர்க்காரர் பெரும்பாலும் நேரத்தை இழப்பது வீட்டில்தான். மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

2. "அதிர்ச்சிதான், படுத்தால் சரியாகிவிடும்" என்று முடிவு கட்டாதீர்கள். திடீர் துக்கத்தால் இதயத் தசை தளர்ந்துபோகும் 'தகோட்சுபோ' என்ற நிலையை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அது பெரும்பாலும் வருகிறது. பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் வந்தது அதுவா, குழாய் அடைப்பா என்று வீட்டில் இருந்தபடி எவராலும் சொல்ல முடியாது.

3. கவலையைக் குடியில் கரைக்காதீர்கள். மலிவான சம்சு முதல் ஓரிரு மணி நேரம் மறக்கவைக்கும். பிறகு தூக்கத்தைக் கெடுத்து, ரத்தக் கொதிப்பை ஏற்றி, சம்பளத்தையும் விழுங்கி, கவலையை இரட்டிப்பாக்கும். இந்தக் கெடா மண்ணில்தான் 1947-இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. குடி தனி மனிதனின் குறை மட்டும் அல்ல, தொழிலாளியின் உழைப்பையும் உடலையும் சேர்த்துப் பறிக்கும் வலை என்று அந்தத் தொழிலாளிகள் அன்றே கண்டுகொண்டார்கள். விட முடியாமல் தவிப்பவரைத் திட்டாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

4. "டென்ஷன் குறையும்" என்று சிகரெட் பற்றவைக்காதீர்கள். குறைவதாகத் தோன்றுவது நிக்கோட்டின் தேவை தணிவதுதான். குழாயின் உட்சுவருக்கு ஒவ்வொரு சிகரெட்டும் புதுக் காயம். புகையை விட அரசாங்க கிளினிக்குகளில் உதவி கிடைக்கிறது.

5. உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொழுப்பு மாத்திரையான ஸ்டேட்டின் அழற்சியையும் சேர்த்துத் தணிக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

6. "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" தூளையும் சாற்றையும் நம்பி மருந்தைக் கைவிடாதீர்கள். பசார் மாலாம் கடையிலும் நேரடி விற்பனைக் கூட்டத்திலும் இவை தாராளமாக விற்கின்றன. இதய நோயில் எதிர்ப்பு அணுக்கள் போதாமல் இல்லை. தேவையில்லாத இடத்தில் அளவுக்கு மேல் வேலை பார்க்கின்றன. அந்தப் பணத்துக்குக் கீரையும் பருப்பும் மீனும் பழமும் வாங்கினால் உடல் நன்றி சொல்லும்.

7. அழற்சிக்கு என்று வலி மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்றவற்றை நாள்கணக்கில் எடுத்தால் மாரடைப்பு ஆபத்தும் சிறுநீரகக் கோளாறும் கூடும். மூட்டு வலி ஒரே நாளில் பறந்துபோகும் என்று விற்கப்படும் பெயர் தெரியாத ஜாமு பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். பதிவு எண் இல்லாத மருந்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

8. கோபம் கொதிக்கும் நேரத்தில் கணக்குத் தீர்க்காதீர்கள். கோபம் வெடித்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2014-இல் கூறியது. சொத்துப் பேச்சு, சம்பந்தப் பேச்சு, பழைய பாக்கி எதுவானாலும் மறுநாள் காலை பேசலாம். வீட்டில் இதய நோயாளி இருந்தால் அவரை நடுவில் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசவே கூடாது.

9. "நீ கவலைப்பட்டதால்தான் வந்தது" என்று நோயாளியைக் குற்றம் சாட்டாதீர்கள். "மனசு தைரியம் இல்லை" என்றும் சொல்லாதீர்கள். கவலைப்படு என்று யாரும் தனக்குத் தானே கட்டளையிட்டுக்கொள்வதில்லை. மாரடைப்புக்குப் பின் மனம் சோர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இறக்கிறார்கள் என்று 1993-லேயே கனடா ஆய்வு காட்டியது. மருத்துவமனையிலிருந்து வந்தவர் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அதையும் அடுத்த சிகிச்சை நாளில் சொல்லுங்கள்.

மேற்பார்வையாளர்களுக்கும் சங்கங்களுக்கும்

செய்யுங்கள்: தொழிலாளியின் கருத்துக்கும் வேலையில் இடம் கொடுங்கள். 1967-இல் லண்டனில் தொடங்கிய 'ஒயிட்ஹால்' ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் நிரந்தர அரசாங்க ஊழியர்கள். பட்டினி கிடந்தவர் எவரும் இல்லை. ஆயினும் கடைநிலை ஊழியருக்கு இதய நோய் மரணம் உயர்பதவியாளரைப் போல் மூன்று மடங்கு இருந்தது. புகையும் ரத்தக் கொதிப்பும் அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. அடுத்து வந்த ஆய்வுகள், தன் வேலையில் தனக்கு எந்த அதிகாரமும் இல்லாத நிலையும் உடலை அரிக்கிறது என்று காட்டின. ஷிப்ட் அட்டவணையை ஒரு வாரம் முன்னே சொல்வது, கிளினிக் நாளில் சம்பளம் பிடிக்காமல் விடுவது, குறையைச் சொன்னவரைப் பழிவாங்காமல் இருப்பது ஆகியவை இதயத்தைக் காக்கும் காரியங்கள்.

செய்யாதீர்கள்: எல்லாக் கவலையையும் தனி ஆளின் தலையில் கட்டாதீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் ஒன்றாகப் போன காலத்தில், "பொறுத்துக்கொள்" என்ற அறிவுரை யாரையும் காக்கவில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். அங்கே கவலை பணம் சேர்ந்ததாலும் குறைந்தது, ஆள் சேர்ந்ததாலும் குறைந்தது. இன்றைக்கும் கோயில் நிர்வாகமும் பெற்றோர் சங்கமும் செய்யக்கூடியது அதிகம். மாதம் ஒரு நாள் பூசைக்குப் பிறகு ரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போடுங்கள். அங்கே வருபவரிடம் "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டபின், "தூக்கம் வருகிறதா, வீட்டில் என்ன கவலை?" என்றும் கேளுங்கள். சொல்லும் பதிலைக் கேட்டு, அவரை ஏற்ற இடத்துக்கு அழைத்துப்போக ஓர் ஆளை நியமியுங்கள். இந்த மாதமே தொடங்கலாம்.